பந்தயம் மறுத்த கியர்

சைக்கிளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பந்தயத்தின் கதையாகவே எழுதிவிடுகிறார்கள். யார் எந்த ஆண்டு ஜெயித்தார், எந்த மலையில் யார் யாரை முந்தினார் என்பதெல்லாம் அன்றன்றைய நாளிதழ்களில் அச்சாகிப் பத்திரமாகக் கிடைக்கின்றன. நாலைந்து நண்பர்கள் விடிவதற்கு முன் கிளம்பி, நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் மிதித்து, இருட்டிய பிறகு வீடு திரும்பிய கதை அப்படி அச்சேறுவதில்லை. அதனால்தான் சைக்கிளில் இன்று இருக்கும் ஒவ்வொரு வசதியும் முதலில் பந்தயக்காரர்களுக்காகச் செய்யப்பட்டு, பிறகு மெல்லக் கீழிறங்கி நம் கைக்கு வந்தது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கியர் விஷயத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. பலம் ஒத்துவராத சிலர் ஒரே நாளில் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்ப ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையில்தான் கியர் வளர்ந்தது. உலகின் மிகப் பெரிய பந்தயமோ அதை, இடையில் ஓரிரு விலக்குகள் தவிர, 1937 வரை வாசலிலேயே நிறுத்திவைத்தது. இந்த மறுப்புக்கான காரணத்தை ஆராய்ந்தால், பந்தயமும் பயணமும் ஒரே வண்டியில் நடக்கும் இருவேறு காரியங்கள் என்பது புலப்படும்.

முதலில் வண்டியைப் பார்க்கலாம். 1870களின் சைக்கிளுக்கு முன்சக்கரம் ஆள் நெஞ்சளவு உயரம், பின்சக்கரம் சின்னது. பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சில் இருந்தது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுத்தான். வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதை ஓட்டுபவரின் கால் நீளம் தீர்மானித்தது. நெட்டையானவர் கூடுதல் தூரம் போவார், குட்டையானவர் அதே மிதிக்குக் குறைந்த தூரம் போவார். ஆளுக்கு ஆள் இருந்த உடல் வேறுபாடு வண்டிக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருந்தது. 1885இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் வண்டி, செயினைப் போட்டுப் பின்சக்கரத்தை ஓட்டியபோது இந்த முடிச்சு அவிழ்ந்தது. இனி சக்கரம் எந்த அளவில் இருந்தாலும், முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் உள்ள கணக்குத்தான் முக்கியம். முன்னால் 48 பல், பின்னால் 16 பல் என்றால், சக்கரத்தின் சுற்றளவை 2.1 மீட்டராக வைத்துக்கொண்டால், ஒரு மிதிக்கு வண்டி 6.3 மீட்டர் போகும். முன்னும் பின்னும் 28 பல் என்றால் 2.1 மீட்டர்தான் போகும், ஆனால் கால் மூன்றில் ஒரு பங்கு அழுத்தினால் போதும். முதல் கணக்கு சமவெளிக்கு, இரண்டாவது மலைக்கு. வண்டி செய்தவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிரந்தரமாக மாட்டிக் கொடுத்தார்கள். வட்டப் பாதையில் ஓடும் பந்தயக்காரருக்கு அதில் குறை ஒன்றும் இல்லை, அவர் தரை எப்போதும் ஒரே தரை. காலையில் ஆற்றங்கரையிலும் மத்தியானம் கணவாயிலும் மாலையில் எதிர்காற்றிலும் மிதிக்கிறவருக்குத்தான் ஒற்றைக் கணக்கு போதாது.

அப்படி மிதித்தவர்கள் யார்? 1878இல் இங்கிலாந்தின் ஹாரகேட் ஊரில் தொடங்கி, 1883இல் சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் என்று பெயர் மாறிய சங்கத்தில் 1899 வாக்கில் அறுபதாயிரம் பேர் இருந்தார்கள். பிரான்சில் 1890இல் டூரிங் கிளப் தொடங்கியது. இவை செய்த வேலைகளைப் பார்த்தாலே உறுப்பினர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று புரிந்துவிடும். விடுதிகளோடு பேசி உறுப்பினர்களுக்கென்று ஒரு கட்டணம் வைத்தார்கள். பிரேக் பிடிக்காமல் வண்டி ஓடிவிடக்கூடிய இறக்கங்களின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகை நட்டார்கள். சாலைப் பலகைகளின் முன்னோடிகளில் சைக்கிள்காரர்கள் நட்டவையும் உண்டு என்பதை இன்றைய கார் ஓட்டுநர்கள் தெரிந்துகொள்வது நல்லது. பந்தயத்துக்கு விடுதிக் கட்டணமும் வேண்டாம், பலகையும் வேண்டாம். இவர்கள் குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள், மனைவியோடு வந்தவர்கள், ஐம்பது தாண்டியவர்கள். பந்தயத்தில் பின்தங்குகிறவரை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாம், போகத்தான் வேண்டும். கூட்டுப் பயணத்தில் கடைசி ஆளின் கால்தான் எல்லாருடைய நாளையும் அளக்கிறது. அவருக்கு மூச்சு வாங்கினால் எல்லாரும் நிற்க வேண்டும். அவர் இறங்கித் தள்ளினால் மற்றவர்களும் மேலே போய்க் காத்திருக்க வேண்டும். எனவே கடைசி ஆளை எப்படி மேலே கொண்டுவருவது என்ற கேள்வி இவர்களுக்கு இருந்தது, பந்தயத்துக்கு இருக்கவில்லை.

இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் போல் தெ விவி. 1853இல் பிறந்தவர், பட்டு வியாபாரி. பிரான்சின் சேந்த்-எத்தியென் நகரில் குடியிருந்தார். 1887இல் ஒரு சைக்கிள் பத்திரிகை தொடங்கினார். அடுத்த ஆண்டு அதன் பெயர் ‘லெ சிக்லிஸ்த்’ ஆயிற்று. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார், ஊரும் உலகமும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டன. பட்டை விட்டு சைக்கிள் விற்கத் தொடங்கிய அவர் முதலில் கவன்ட்ரி வண்டிகளைத்தான் வரவழைத்தார். சேந்த்-எத்தியென் நிலக்கரியும் துப்பாக்கித் தொழிலும் நிறைந்த ஊர், சுற்றிலும் மலை. ஊரை விட்டுத் தெற்கே புறப்பட்டால் 1,161 மீட்டர் உயரமுள்ள ரெபூப்ளிக் கணவாயில் ஏறியே தீர வேண்டும். கவன்ட்ரியின் சமவெளிக்குப் பொருந்திய ஒற்றைக் கணக்கு இங்கே முதல் மைலிலேயே தோற்றது. அந்தக் கணவாயில் வெலோசியோ திணறி ஏறிக்கொண்டிருந்தபோது அவருடைய வாசகர் ஒருவர் வாயில் புகைக்குழாயோடு அவரை அலட்டாமல் கடந்து போனார், அன்றுதான் ஒரே வண்டியில் இரண்டு கணக்கு வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எவ்வளவு மெய்யோ, அதன் பிறகு அவர் செய்தவை பத்திரிகைப் பக்கங்களில் இருக்கின்றன. முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் இரண்டு, செயினைக் கையால் மாற்றிப் போடுவது, இருபக்கமும் செயின், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் வேறு கணக்கு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். வாசகர்கள் தங்கள் ஊர் மலைகளில் சோதித்துக் கடிதம் எழுதினார்கள். ஊர்க்காரரான ஜோவானி பனெல் செயினை ஓடும்போதே ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவியைச் செய்தார். 1924இல் அல்பேர் ரேமோன் அதே ஊரில் ‘சிக்ளோ’ கியரைக் கொண்டுவந்தார். 1928இல் திஜோன் நகரத்து சைக்கிள் கடைக்காரர் லூசியன் ஜுய் ‘சிம்ப்ளெக்ஸ்’ செய்தார். இவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைப் பயணிகள்.

இதே கணவாய்க்குப் பந்தயமும் வந்தது. 1903இல் ‘லோதோ’ நாளிதழ் நடத்திய முதல் டூர் தெ பிரான்சின் லியோன்–மார்செய் கட்டம் ரெபூப்ளிக் வழியாகத்தான் போனது. அடுத்த ஆண்டு அங்கே உள்ளூர் வீரர் ஒருவரின் ஆதரவாளர்கள் இருட்டில் வழிமறித்து, முன்னணியில் வந்த மற்ற வீரர்களை அடித்து நொறுக்கினார்கள். பந்தய அலுவலர்கள் துப்பாக்கியால் சுட்டுத்தான் கூட்டத்தைக் கலைக்க முடிந்தது. வெலோசியோவின் தோழர்கள் பலமுறை நிம்மதியாக ஏறி இறங்கிய அதே சாலை அது. பந்தயத்தை நடத்திய ஆன்ரி தேகிராஞ்ச் 1893இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி முதல் மணிநேரச் சாதனையைப் பதிவு செய்தவர். கியர் என்பது 45 வயதைக் கடந்தவர்களுக்கானது, தசையால் ஜெயிப்பதே ஜெயிப்பு என்பது அவருடைய கட்சி. அவரை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவருடைய நிலையில் ஒரு நியாயம் இருக்கிறது. யார் பலசாலி என்று கண்டுபிடிப்பதற்காகப் பந்தயம் நடக்கிறது. பலவீனத்தை ஈடுகட்டும் கருவி அந்தத் தீர்ப்பைக் கெடுத்துவிடும். தராசில் ஒரு தட்டின் அடியில் கல்லை ஒட்டுவது போல அவருக்கு அது தோன்றியிருக்க வேண்டும். கியர் உதவாது என்று அவர் தடுக்கவில்லை, உதவும் என்று தெரிந்ததால்தான் தடுத்தார். என் வாதத்துக்கு அவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

எவ்வளவு உதவியது என்பதை டூர்மலே கணவாய் காட்டும். பிரனீஸ் மலைத்தொடரில் 2,115 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1902இல் பிரெஞ்சு டூரிங் கிளப் சுற்றுலா வண்டிகளுக்கு ஒரு சோதனை ஓட்டத்தை இந்த மலைப்பாதையில் நடத்தியது. சேந்த்-எத்தியென் பக்கத்துக் கியர் வண்டியில் வந்த மார்த் எஸ் என்ற பெண் எங்கும் இறங்கித் தள்ளாமல் ஏறி முடித்ததாகப் பதிவு. அவர் ஆண் சாம்பியனையே தோற்கடித்தார் என்று பிற்காலத்தில் கதை பெருத்துவிட்டது. அந்தப் பெருக்கல் நமக்குத் தேவையில்லை. இறங்காமல் ஏறினார் என்பதே போதும். ஏனென்றால் எட்டு ஆண்டுகள் கழித்து, 1910இல், டூர் தெ பிரான்ஸ் முதல்முறையாக டூர்மலே வழியே போனபோது, பிரான்சின் மிகச் சிறந்த வீரர்களில் பலர் வண்டியிலிருந்து இறங்கி நடந்தார்கள். அந்த ஆண்டு டூரை வென்ற ஒக்டாவ் லாபீஸும் நடந்தவர்களில் ஒருவர். இறங்காமல் ஏறிய குஸ்தாவ் காரிகூவுக்கு அதற்காகவே 100 பிராங்க் பரிசு கொடுத்தார்கள். ஒரே மலை. பயணிகளுக்கு இயல்பாகிக்கொண்டிருந்த ஒன்றைப் பந்தயம் பரிசு கொடுத்துக் கொண்டாட வேண்டியிருந்தது.

இங்கே மறுப்பு வரும். காற்றடைத்த டயரைப் பரப்பியது பந்தயம்தானே? ஆமாம். டன்லப் 1888இல் பெல்ஃபாஸ்டில் செய்த டயரை அடுத்த ஆண்டு உள்ளூர்ப் பந்தய வெற்றிகள்தான் ஊரறியச் செய்தன. 1891இல் பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் ஓட்டத்தில் சார்ல் தெரோன் ஏறக்குறைய 71 மணி நேரத்தில் ஜெயித்ததும், கழற்றி மாட்டக்கூடிய மிஷ்லான் டயருக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேறில்லை. ஆனால் டன்லப் அந்த டயரை முதலில் செய்தது தன் மகனின் மூன்றுசக்கர வண்டிக்கு, குலுங்காமல் இருக்க. பந்தயம் கடை விரித்தது, சரக்கைச் செய்யவில்லை. சக்கரத்தை நொடியில் கழற்றும் நெம்புகோலின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1927இல் இத்தாலியின் குரோச்சே தௌனே கணவாயில் பனி கொட்ட, விரைத்த விரல்களால் பின்சக்கரத்தின் நட்டைத் திருக முடியாமல் பந்தயத்தைப் பறிகொடுத்த தூல்யோ கம்பன்யோலோ பிறகு அதைக் கண்டுபிடித்தார் என்பது வழங்கும் கதை. அவர் எதற்காகச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்தது? அக்காலப் பந்தய வண்டியின் பின்சக்கரத்தில் இருபுறமும் வெவ்வேறு அளவுப் பல்சக்கரம் இருக்கும். மலை அடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். பயணிகள் உட்கார்ந்தபடியே செய்ததைப் பந்தயக்காரர்கள் பனியில் நின்று செய்ய நேர்ந்ததால் பிறந்த கண்டுபிடிப்பு அது.

இன்னொரு மறுப்புக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. 1902இலேயே இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் வந்துவிட்டது. பின்சக்கரக் குடத்துக்குள்ளேயே பல்சக்கரங்களை அடக்கிய அந்தக் கருவியை வளர்த்தது ராலே நிறுவனத்தின் முதலீடு. வேலைக்குப் போகிறவரும் தபால்காரரும் அதை வாங்கினார்கள். அதோடு சேந்த்-எத்தியெனில் துப்பாக்கிப் பட்டறைகளில் பழகிய கைகள் இல்லையென்றால் வெலோசியோவின் யோசனைகள் காகிதத்திலேயே நின்றிருக்கும். ஆகவே நண்பர்களின் பயணம் மட்டுமே கியரைப் பெற்றெடுத்தது என்று சொன்னால் அது மிகை. தொழில் நகரத்துக்கும் சந்தைக்கும் உரிய பங்கைக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனாலும் இரண்டு நாடுகளிலும் பந்தயம் இந்தக் கதையில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டறை கவன்ட்ரியிலும் இருந்தது, முன்பு தையல் இயந்திரம் செய்த கைகள் அவை. அங்கே மலை இல்லை, மலையில் பின்தங்கும் நண்பரும் இல்லை.

தேகிராஞ்சை மேலே பலத்தின் கட்சிக்காரராகக் காட்டினேன். அதே மனிதர்தான் பிரான்சில் கூட்டுப் பயணத்துக்கு முதல் சட்டம் எழுதினார் என்பது இந்த வரலாற்றின் விசித்திரம். 1897 ஜூனில் சில இத்தாலியர்கள் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு 230 கிலோமீட்டர் தூரத்தைச் சூரியன் உதித்து மறைவதற்குள் கடக்கப் புறப்பட்டார்கள். அதிலிருந்து ஆடாக்ஸ் என்ற வழக்கம் தோன்றியது. 1904இல் தேகிராஞ்ச் அதைப் பிரான்சுக்குக் கொண்டுவந்து 200 கிலோமீட்டர் ஓட்டங்களுக்கு விதி வகுத்தார். அவற்றில் முதலிடம் கிடையாது. முன்னே ஒரு கேப்டன் நிதானமான வேகத்தில் போவார். அவரை யாரும் முந்தக்கூடாது. குழு மொத்தமாகப் போய் மொத்தமாகத் திரும்பும். இன்றும் அந்த மரபில் மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்று வேகத்தை நிர்ணயித்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பலம் ஒத்துவராத நண்பர்களை ஒன்றாகக் கொண்டுபோவது எப்படி என்ற அதே கேள்விக்கு இது இன்னொரு விடை. வெலோசியோ பலவீனரின் வண்டியை மாற்றினார், தேகிராஞ்ச் பலசாலியின் காலைக் கட்டினார். ராணுவ அணிவகுப்பின் வாசனை அடிக்கும் இந்த விடை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆனாலும் அதுவும் ஒரு விடைதான் என்பதையும், பலத்தை அளக்கும் இடம் எது, அளக்கக்கூடாத இடம் எது என்று தேகிராஞ்சுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது என்பதையும் மறுக்க முடியாது.

கேப்டனின் முதுகைப் பார்த்துக்கொண்டே போக எல்லாராலும் முடியவில்லை. 1904இல் தொடங்கிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் 1921இல் தேகிராஞ்சை விட்டுப் பிரிந்து, அவரவர் வேகத்தில் போகும் ஓட்டங்களை நடத்தத் தொடங்கியது. அதற்கு ஒரு மேல் வரம்பு, ஒரு கீழ் வரம்பு. குறித்த நேரத்துக்குப் பிந்தினால் கணக்கில் வராது. வேகமாகப் போய்ச் சோதனைச் சாவடிக்கு மிகவும் முந்தி வந்தாலும் முத்திரை விழாது. முடித்தவர்களுக்குத் தரவரிசை கிடையாது. 1930இல் வெலோசியோ ட்ராம் மோதி இறந்த பிறகு, 1947இல் இதே கிளப் அவர் பெயரில் ஃபிளெஷ் வெலோசியோ என்ற ஈஸ்டர் பயணத்தைத் தொடங்கியது. நண்பர்களோடு ஒரு நாள் என்பதை இவ்வளவு துல்லியமாக விதியாக்கிய ஏற்பாடு வேறு இருப்பதாகத் தெரியவில்லை. மூன்று முதல் ஐந்து வண்டிகள் கொண்ட அணி, பாதையைத் தானே தீர்மானித்துக்கொண்டு, 24 மணி நேரத்தில் குறைந்தது 360 கிலோமீட்டர் போக வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. கடைசி இரண்டு மணி நேரத்தில் 25 கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும், முன்கூட்டியே முடித்துவிட்டுத் தூங்க வழியில்லை. முக்கியமானது இது: குறைந்தது மூன்று வண்டிகளாவது ஒன்றாக முடிக்க வேண்டும். ஒரு சூரர் மட்டும் வந்து சேர்ந்தால் அந்த அணியின் பயணம் செல்லாது.

360 கிலோமீட்டர் என்பது நட்புப் பயணமா, அல்லது பந்தயத்துக்கு மாறுவேடமா என்று கேட்கலாம். வெலோசியோவே இரவு பகலாக மிதித்தவர்; அவருக்குப் பெருமிதம் இல்லை என்று யார் சொன்னது? நியாயமான சந்தேகம். ஆனால் அவர் சீடர்களுக்குச் சொன்ன அறிவுரைகளின் போக்கைப் பாருங்கள்: பசிக்குமுன் சாப்பிடுவது, தொடக்கத்தில் அடக்கி மிதிப்பது, வீம்புக்காக மிதிக்காமல் இருப்பது. வழியில் இறைச்சியும் மதுவும் புகையிலையும் வேண்டாம் என்ற கண்டிப்பும் உண்டு, அவர் சைவர். இவை அனைத்தும் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவருக்கான அறிவுரைகள். பந்தய வீரருக்கு மறுநாள் பற்றிக் கவலை கிடையாது. 1937இல் டூர் தெ பிரான்ஸ் கடைசியில் கியரை அனுமதித்து, ரோஜே லாபெபி அதைக் கொண்டே ஜெயித்த பிறகுதான் உலகம் முழுக்க அது பரவியது என்பாரும் உண்டு. பரவியதில் டூரின் பங்கை நான் மறுக்கவில்லை. அதற்குள் சிக்ளோவுக்குப் பதின்மூன்று வயது, வெலோசியோ இறந்து ஏழு ஆண்டுகள்.

நம் ஊரிலிருந்தும் ஒரு மறுப்பு எழும். 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் வண்டிகளில் கியர் ஏது? அதில் பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றி, பின்னால் ஆளையும் உட்கார வைத்து மிதித்தவர்கள் உண்டே? உண்டு. காவிரிப் படுகையின் சமவெளியில் ஒற்றைக் கணக்கு போதும். அதே வண்டியை ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கொண்டுபோனால் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். உழைப்பாளியின் உடல்வலிமை கியர் தேவையில்லை என்பதற்கு ஆதாரமாகாது. அவருக்கு யாரும் கியர் கொடுக்கவில்லை என்பதற்கு மட்டுமே ஆதாரம்.

இன்று சென்னையிலும் கோவையிலும் ஞாயிறு விடிகாலையில் கிளம்பும் 200 கிலோமீட்டர் பிரெவே ஓட்டங்கள் 1921இல் பாரிசில் எடுத்த முடிவின் தொடர்ச்சி. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், முதலிடம் கிடையாது, கியர் வண்டியோ கியர் இல்லாத வண்டியோ எதுவும் சரி. இதையடுத்து 300, 400, 600 கிலோமீட்டர்களையும் உரிய காலத்துக்குள் முடித்தவர்கள் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸுக்குத் தகுதி பெறுகிறார்கள். தெரோன் ஜெயித்த அந்த ஓட்டம் தொழில்முறை வீரர்களுக்குக் கடைசியாக நடந்தது 1951இல். பிறகு போதிய பேர் சேரவில்லை, கைவிட்டுவிட்டார்கள். பயணிகளுக்கானது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2023இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புறப்பட்டார்கள், அடுத்தது 2027இல்.